நாய்க்குட்டியின் பல்லும் நம் பொறுமையும்

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. வாலைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருக்கட்டும். பல்லைப் பொறுத்தவரை அது உண்மையன்று. விளையாட்டில் கையைக் கடிக்கும் குட்டிக்கு முதலில் மெல்லப் பற்றவும், பின்னர்ப் பற்றாமலே இருக்கவும் கற்பித்துவிட முடியும். ஆனால் அதற்கு உரிய பருவம் ஒன்று உண்டு. அப்பருவம் மிகக் குறுகியது.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில், உற்றார் உறவினர் சூழாத குழந்தைகளுக்குத் துணையாக நாய்க்குட்டி ஒன்றை வளர்ப்பதைக் காண்கிறோம். ஊருக்குச் சென்று திரும்புகையில் இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் பக்கத்து இனக் குட்டிகளை ஆசையோடு கொண்டுவருவோரும் உளர். முதல் வாரம் முழுவதும் கொண்டாட்டந்தான். இரண்டாம் வாரத்தில் குழந்தையின் முழங்கையில் கீறல். மூன்றாம் வாரத்தில் பாவாடை ஓரம் கிழிசல். ஒரு மாதத்திற்குள் ‘இது பொல்லாத நாய்’ என்ற தீர்ப்பு. அத்தீர்ப்பு மாறாமற்போனால், சில மாதங்களில் அந்த நாய் தெருவில் நிற்கும். இந்த முடிவைத் தவிர்ப்பது நம் கையிலேயே இருக்கிறது.

குட்டி ஏன் கடிக்கிறது? பகையினால் அன்று. குழந்தை எதையும் கையால் தொட்டறிகிறது; குட்டிக்குக் கை இல்லை; ஆகவே வாயால் அறிகிறது. பிறந்த மூன்று, நான்கு வாரங்களில் அதற்குப் பாற்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன. மொத்தம் 28 பற்கள். ஒவ்வொன்றும் ஊசிமுனை போன்றது. ஆனால் தாடையில் வலு குறைவு. எனவே அக்கடி வலிக்கும். பெருங்காயம் விளைவிப்பது அரிது.

இந்த அமைப்பிலேயே ஒரு பாடசாலை அடங்கியிருக்கிறது. உடன்பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கவ்வி விளையாடும்போது, ஒன்று சற்று அழுத்திக் கடித்தால் மற்றது வீறிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அளவு மீறினால் தாயும் எழுந்து போய்விடும். ‘அழுத்தினால் விளையாட்டு போயிற்று’ என்பதே குட்டி கற்கும் முதல் பாடம். அமெரிக்காவில் நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஸ்காட், புல்லர் என்னும் இருவர் 1965-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலமே நாய் பிறரோடு பழகக் கற்கும் முக்கியப் பருவம் என்று காட்டினர். தாயையும் உடன்பிறப்புகளையும் மிக இளமையிலேயே பிரிந்த குட்டி இந்தப் பாடத்தை முழுவதும் கற்பதில்லை. நம் நாட்டில் 2017-இல் வகுக்கப்பெற்ற நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளும் எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. ‘சிறியதாக இருந்தால்தான் நம்மோடு ஒட்டும்’ என்று முப்பது நாள் குட்டியை வாங்கிவருவது இருவகையிலும் தவறு.

நான்கு மாத அளவில் பாற்பற்கள் விழத் தொடங்கும். ஆறு, ஏழு மாதங்களில் 42 நிலைப்பற்கள் அமைந்துவிடும், தாடையும் வலுப்பெறும். ஆகவே தாய் தொடங்கிய பாடத்தை, குட்டி நம் வீட்டிற்கு வந்த நாள் முதல் நான்கரை மாதத்திற்குள் நாம் நடத்தி முடிக்கவேண்டும். இதனை வலியுறுத்தியவர்களுள் இயன் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர் குறிப்பிடத்தக்கவர். கடிப்பதை ஒரேயடியாகத் தடுக்கலாகாது. முதலில் அழுத்தத்தைக் குறைத்து, அதன்பின் கடிக்கும் தடவைகளைக் குறைக்கவேண்டும் என்பது அவர் கூறும் முறை. மென்மையை அறிந்த வாய், பின்னொரு நாள் யாரேனும் அதன் காலை அறியாது மிதித்துவிட்டாலும், ஆழப் பதியாது விட்டுவிடும். மென்மையை அறியாத வாய்க்கு அந்த அளவு தெரியாது.

செய்யவேண்டியது எளிது. விளையாடும்போது குட்டி வலிக்கும்படி கடித்தால், ‘ஆ’ என்று ஒருமுறை சொல்லிக் கையை அசைக்காமல் நிறுத்துங்கள். வெடுக்கென்று இழுத்தால் அது துரத்திப் பிடிக்கும் விளையாட்டாகிவிடும், தோலும் கிழியும். குட்டி விட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பத்து, இருபது விநாடி பேசாமலிருங்கள். மீண்டும் கடித்தால் எழுந்து அறையை விட்டு வெளியே போய், அரை நிமிடம் கழித்து வாருங்கள். சில குட்டிகள் நம் குரலைக் கேட்டு மேலும் துள்ளும். அவற்றிடம் குரலே வேண்டாம், எழுந்து போவதே போதும். முதலில் கடுங்கடிக்கு மட்டும் இவ்வாறு செய்யுங்கள். அது குறைந்தபின் சிறுகடிக்கும், இறுதியில் பல் பட்டாலே விளையாட்டு நிற்கும் என்றும் ஆக்குங்கள். சில வாரங்கள் பிடிக்கும். நாள்தோறும் ஒரே முறையாகச் செய்தாற்போதும்.

கையை விலக்கினால் வாய்க்கு வேறொன்று வேண்டாமா? கயிற்றுமுடிச்சு, கெட்டி ரப்பர் பொம்மை ஆகியவற்றை அருகில் வைத்திருந்து, அதைக் கவ்வும்போது பாராட்டுங்கள். பல் விழும் நாட்களில் ஈறு குறுகுறுக்கும். ஈரத்துணியை முறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் இதமாக இருக்கும். பழஞ்செருப்பைக் கொடுப்பது வேண்டாம். பழஞ்செருப்புக்கும் நேற்று வாங்கிய செருப்புக்கும் உள்ள வேற்றுமையைக் குட்டி அறியாது. வெந்த எலும்பும் ஆகாது. அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும்.

மாலையில் பேய் பிடித்தாற்போல் ஓடிக் கடிக்கிறதே என்பார் சிலர். பெரும்பாலும் அது தூக்கக் குறைவு. இளங்குட்டி ஒரு நாளில் பதினெட்டு மணி நேரத்திற்குக் குறையாமல் உறங்கவேண்டும். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளும் விருந்தினரும் மாறி மாறித் தூக்கினால், அழுது அடம்பிடிக்கும் குழந்தையைப் போல அதுவும் நிலைகொள்ளாது. அமைதியான மூலையில் படுக்கவைத்தால் பாதிக் கடி தீர்ந்துவிடும்.

அடிப்பதும், மூக்கில் சுண்டுவதும், வாயை இறுகப் பொத்துவதும் கூடவே கூடாது. அடிபட்ட குட்டி கடிக்கக்கூடாது என்று கற்பதில்லை. கை வந்தால் அஞ்சவேண்டும் என்றே கற்கிறது. அஞ்சிய நாய் முன்னறிவிப்பின்றிக் கடிக்கும். அக்கை ஒரு நாள் நம் குழந்தையின் கையாக இருக்கக்கூடும்.

நம் போன்ற குடும்பங்களுக்கே உரிய இடையூறு ஒன்றும் உண்டு. தாயார் ‘விடு’ என்கிறார். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் ‘சோடோ’ என்கிறார். பிள்ளைகள் ‘நோ’ என்கிறார்கள். மூன்று மொழியும் கற்ற நாய் எங்கே இருக்கிறது? ‘விடு’ என்ற ஒரு சொல்லையே எல்லாரும் ஆளட்டும். அவ்வாறே, தந்தை கையைக் கொடுத்து மல்லாட, பாட்டி அதே கடிக்குக் கண்டிப்பதும் ஆகாது. வீட்டார் அனைவரும் ஒரே நெறியில் நின்றால்தான் குட்டிக்கு நெறி விளங்கும்.

சிறு குழந்தையையும் குட்டியையும் பெரியவர் துணையின்றி ஒருபோதும் தனியே விடலாகாது. குட்டி பாய்ந்து வந்தால் ஓடாமலும் கத்தாமலும் மரம்போல் நிற்கும்படி குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். அசையாத பொருளில் குட்டிக்குச் சுவை இல்லை. உண்ணும்போதும் உறங்கும்போதும் அதைத் தொடலாகாது என்பதும் குழந்தை கற்கவேண்டிய பாடம். உடலை விறைத்து, உறுமி, கிண்ணத்தையோ படுக்கையையோ காத்துக் கடிப்பது விளையாட்டன்று; அத்தகைய குட்டியைக் கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இறுதியாக, சிறுகீறல் என்று அலட்சியம் செய்யக்கூடாத ஒன்று ரேபீஸ் என்னும் வெறிநோய். நோய்க்குறி தோன்றியபின் அதற்கு மருந்து இல்லை என்றே சொல்லலாம். தோன்றுமுன் தடுப்பது முற்றிலும் இயலும். குட்டிக்கு மூன்று மாதம் நிரம்பியதும் அதற்குரிய ஊசி போடவேண்டும், ஓராண்டில் மறுபடியும். பல்லோ நகமோ தோலைக் கீறினால், குழாய்நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாயும் அப்புவது வேண்டாம். ‘நம் வீட்டுக் குட்டிதானே’ என்று நாமே முடிவு கட்டாமல், ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

ஒரு நாய் நம்மோடு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வாழும். அவற்றுள் இரண்டு, மூன்று மாதங்களைப் பொறுமையோடு செலவிட்டால், எஞ்சிய ஆண்டுகள் முழுவதும் குழந்தையும் நாயும் ஒரே கூடத்தில் அச்சமின்றி விளையாடும். அண்டை வீட்டாரும் கதவைத் திறந்து வைப்பர்.