உப்புநீர் இரத்தமாகாது

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் முன்னே செல்லும் செங்கம் சாலை கிரிவலப் பாதையின் ஒரு பகுதியாகவும் இருப்பதால், மலையை வலம்வருவோர் வெறுங்காலுடன் நடக்கும் ஓரத்தை ஒட்டியே பேருந்துகளும் லாரிகளும் ஓடுகின்றன. இத்தகைய சாலையில் அடிபட்டு இரத்தம் இழந்தவருக்கு ஏற்றப்படும் பாட்டிலை மக்கள் 'குளுக்கோஸ்' என்றே சொல்லிப் பழகியிருந்தாலும், அது பெரும்பாலும் லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைந்த சலைனாகவோ, பல உப்புகள் சேர்ந்த ரிங்கர் லாக்டேட் கரைசலாகவோ இருக்கும்; வெறும் குளுக்கோஸ் நீர் இரத்தக் குழாய்களுக்குள் தங்காமல் உடலெங்கும் பரவிவிடுவதால் இங்கே உதவாது.

வளர்ந்தவர் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் வெளியேறும்போது அழுத்தம் சரிந்து, தோல் சில்லிட்டு, உறுப்புகளுக்கு உயிர்வளி எட்டாத நிலை உண்டாகிறது. மருத்துவர்கள் 'ஷாக்' என்பது இதைத்தான். அந்நிலையில் லிட்டர் கணக்கில் திரவத்தை விரைந்து ஏற்றுவதே நெடுங்காலம் நெறியாக இருந்தது. ஆனால் சலைனில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்களும் இல்லை, இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களும் இல்லை. மிகுதியாக ஏற்றினால் அது எஞ்சிய இரத்தத்தை நீர்க்கச் செய்து, உடலைக் குளிர்வித்து, அமிலத்தன்மையைக் கூட்டுவதோடு, ஏறிய அழுத்தத்தால் காயத்தின் வாயில் அப்போதுதான் கட்டிய உறைகட்டியையும் பெயர்த்துவிடக்கூடும். முதல் உலகப் போரின் காயங்களை ஆராய்ந்த வால்டர் கேனன் 1918-ஆம் ஆண்டிலேயே இக்கடைசி ஆபத்தை எச்சரித்திருந்தும், 1994-இல் ஹூஸ்டன் நகரில் 598 பேரிடம் நடந்த ஆய்வு, அறுவை அரங்கை அடையும்வரை திரவத்தைத் தள்ளிவைத்தவர்களே கூடுதலாகப் பிழைத்தார்கள் எனக் காட்டிய பிறகுதான் மருத்துவ உலகம் திரும்பிப் பார்த்தது. அந்த ஆய்வில் இருந்தவை கத்திக்குத்தும் துப்பாக்கிக் காயமும் ஆதலால், சாலை விபத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்துவதும் தவறு.

இன்றைய நெறி, இரத்தக் கசிவை முதலில் நிறுத்தி, மேல் அழுத்தம் 80 முதல் 90 வரை நிற்குமளவுக்கே திரவம் கொடுத்து, பிளாஸ்மாவும் தட்டணுக்களும் சேர்ந்த இரத்தத்தைக் காலம் தாழ்த்தாமல் ஏற்றுவதாகும். தலையில் அடிபட்டவருக்கு மட்டும் இந்தக் குறைந்த அழுத்தம் ஆகாது. மூளைக்கு இரத்தம் குறைந்தால் சேதம் பெருகும். தலைக்கவசமின்றி இருசக்கர வண்டி ஓட்டும் வழக்கம் நீங்காத ஊர்களில் இந்த விதிவிலக்கை அழுத்தியே சொல்ல வேண்டும். 20,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வின்படி, உறைகட்டி கரையாமல் காக்கும் டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மலிவான மருந்து உயிரிழப்பைக் குறைக்கிறது; அதை 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்துக்குப் பிந்தைய முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. ஆயினும் வண்டி வருமுன் கழியும் நிமிடங்கள் அருகில் நிற்பவருடையவை. அவர் செய்யத்தக்கது, அடிபட்டவருக்குத் தண்ணீர் புகட்டாமல், தோளிலுள்ள துண்டை மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் பலமாக அழுத்தி, ஆம்புலன்ஸ் ஊழியர் வந்து மாற்றிக்கொள்ளும்வரை கையை எடுக்காதிருப்பது.