மான் வேட்டைக்கு ஏற்ற ரவைத் தோட்டா

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்கிழக்கு ராஜ்யங்களில் மக்காச்சோளம், சோயா மொச்சை, நிலக்கடலை ஆகியவற்றைப் பயிரிடும் குடியானவர்களுக்கு வெள்ளைவால் மானால் நேரும் நஷ்டம் கொஞ்சமன்று. ஆகவே, அங்கு உரிய பருவத்தில் அனுமதிச் சீட்டுப் பெற்று மானை வேட்டையாடுவது வழக்கமாக இருந்து வருகிறது. சதுப்புக் காடுகளில் நாய்களை ஏவி மானைக் கிளப்பும்போது, அது ஒரு கணமே, அதுவும் அருகிலேயே கண்ணிற்படும். இத்தகைய இடங்களிற் பெரிய ரவை அடைத்த தோட்டா பயன்படுகிறது.

ரவை பெரிதாயிருந்தாற் போதுமென்பது ஒரு சாரார் எண்ணம். எண்ணிக்கை மிகுந்தாற் போதுமென்பது மற்றொரு சாரார் எண்ணம். இவற்றுள் எதுவும் தனித்துப் பயன் தராது. 12-ம் நெம்பர் துப்பாக்கியின் 2¾ அங்குலத் தோட்டாவில் சாதாரணமாக அடங்குபவை வருமாறு:

இரட்டைப் பூஜ்யம்: குறுக்களவு 0.33 அங்குலம், 9 ரவைகள்.
1-ம் நெம்பர்: குறுக்களவு 0.30 அங்குலம், 16 ரவைகள்.
4-ம் நெம்பர்: குறுக்களவு 0.24 அங்குலம், 27 ரவைகள்.

4-ம் நெம்பர் ரவையின் எடை இரட்டைப் பூஜ்ய ரவையின் எடையிற் பாதிக்கும் குறைவு. ஆதலால் அது மானின் உடலில் ஆழப் பாய்வதில்லை.

ரவைகள் கெஜத்துக்கு ஏறக்குறைய ஓரங்குலம் விரியுமென்பது நடைமுறைக் கணக்கு. மானின் உயிர்நிலை சுமார் 10 அங்குல வட்டத்துள் அடங்கும். 20 கெஜத்தில், ரவை பரவும் பரப்பில் இது நாலிலொரு பங்கு. 40 கெஜத்திலோ பதினாறிலொரு பங்கே. ரவைகள் சமமாகப் பரவுமாயின், இரட்டைப் பூஜ்யத்தில் முன்னதற்கு இரண்டு ரவைகள் தைக்கும். பின்னதற்கு ஒன்றுகூட நிச்சயமில்லை. 1-ம் நெம்பரில் முறையே நான்கும் ஒன்றும் தைக்கும். உயிர்நிலை தப்பிக் காயமுற்ற மான் காட்டுக்குள் ஓடி வருந்தி மடியும், வேட்டைக்காரனுக்கும் கிட்டாது.

குழல் வாயின் ஒடுக்கம் மிகுந்தால் ரவைகள் நெருங்கிச் செல்லும். ஆயினும் பெரிய ரவைகள் மிகுதியான ஒடுக்கத்தில் நசுங்கித் திசை மாறுவதும் உண்டு. ஒரு துப்பாக்கிக்குப் பொருந்திய தோட்டா மற்றொன்றுக்குப் பொருந்தாது. ஆகையால், பின்னால் மண்மேடுள்ள இடத்தில் பெரிய காகிதத்தை நிறுத்தி, 20, 30, 40 கெஜங்களிற் சுட்டு, 10 அங்குல வட்டத்துள் விழுந்த ரவைகளை எண்ணிப் பார்ப்பதே தக்க பரீட்சை. வட்டத்துள் போதிய ரவைகள் விழாத தூரத்தில் மானைச் சுடலாகாது. ஒஹையோ போன்ற சில ராஜ்யங்களில் மானுக்கு ஒற்றைக் குண்டன்றிச் சிதறு ரவை சட்டப்படி விலக்கப்பட்டுள்ளது.

இந்தியாவில் இவ்விஷயம் முற்றிலும் வேறு. எஸ்.ஜி. என வழங்கும் தோட்டா இரட்டைப் பூஜ்யத்துக்கு நிகரான ரவையுடையதே. ஆயினும், 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றமாகும். துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றே அதற்கு அனுமதியாகாது. பயிர்ச் சேதமுற்ற நிலச்சொந்தக்காரர் வனத்துறையினரிடம் எழுத்து மூலம் முறையிடல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது மிக்க நலம் பயக்கும்.