கூட்டரசின் நிதிப் பற்றாக்குறையும் ஊராட்சி மன்றங்களும்

மலேசியக் கூட்டரசின் வரவு செலவுத் திட்டம் 1998ஆம் ஆண்டு முதல் தொடர்ந்து பற்றாக்குறையிலேயே இருந்து வருகின்றது. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் அப்பற்றாக்குறை 2009இல் 6.7 விழுக்காடாகவும் 2021இல் 6.4 விழுக்காடாகவும் இருந்தது. இஃது ஊராட்சி மன்றங்களின் நிதியை எவ்வாறு பாதிக்கின்றது என்பதை ஈண்டு காண்போம்.

ஊதியம், ஓய்வூதியம், கடன் வட்டி ஆகியவற்றைக் கூட்டரசு எளிதில் குறைக்க இயலாது. ஆகவே, சிக்கன நடவடிக்கை பெரும்பாலும் மேம்பாட்டுச் செலவினத்தையே முதலில் தொடுகின்றது. மன்றங்கள் நம்பியிருக்கும் திட்ட ஒதுக்கீடுகளும் அதனுள் அடங்குவனவே. இக்குறையை மாநில அரசுகள் கடன் பெற்று நிரப்புவதும் அரிது. கூட்டரசு அரசியலமைப்பின் 111ஆம் விதி அவற்றின் கடன் பெறும் உரிமையைக் கட்டுப்படுத்துகின்றது.

எஞ்சுவது மதிப்பீட்டு வரியே. தீபகற்ப மலேசியாவில் 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், சொத்தின் ஆண்டு மதிப்பில் 35 விழுக்காடு வரை அவ்வரியை விதிக்க இடமளிக்கின்றது. ஐந்தாண்டுக்கு ஒரு முறை மதிப்பீட்டுப் பட்டியலைப் புதுப்பித்தல் வேண்டும் என்பது விதி. எனினும் மாநில அரசு அக்காலத்தை நீட்டிக்கலாம். பேரங்காடிகளும் அலுவலகக் கட்டடங்களும் நிறைந்த மாநகர்கள் இவ்வரியால் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. தோட்டங்களும் சிற்றூர்களும் சூழ்ந்த மாவட்ட மன்றங்களுக்கோ அவ்வாய்ப்புக் குறைவு. மானியம் சுருங்கின், அங்கு வடிகால் பராமரிப்பும் தெருவிளக்கும் பின்தள்ளப்படுகின்றன.

2023ஆம் ஆண்டு பொது நிதி மற்றும் நிதிப் பொறுப்புச் சட்டம், பற்றாக்குறையை 3 விழுக்காட்டுக்குள் கொணர இலக்கு வகுத்துள்ளது. அவ்விலக்கு தேவையானதே. ஆயினும், ஊராட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டமையால், வரி உயர்ந்தாலும் சேவை குறைந்தாலும் மன்ற உறுப்பினரை மக்கள் வாக்குரிமையால் வினவ இயலாது. எனவே, பற்றாக்குறை எவ்வளவு குறைந்தது என்பதோடு, அச்சுமை யார்மீது இறக்கி வைக்கப்பட்டது என்பதையும் கணக்கிடுதல் வேண்டும் என்பதே நம் கருத்தாகும்.