மாமரப் பலகையும் ஓசூர்க் காற்றும்

மா விளைச்சலுக்குப் பெயர்பெற்ற கிருஷ்ணகிரி மாவட்டத்தில், காய்ப்பு ஓய்ந்த முதிய மாமரங்கள் விறகாகவும் பெட்டிப் பலகையாகவும் விலைபோவது வழக்கம். பொழுதுபோக்காகத் தச்சு பழகுவோர் அவற்றை அறுப்பு மில்லில் பலகையாக அறுத்துத் தாமே உலர்த்திக்கொள்வது பயன் தருமா என்பதை, விலையைக் காட்டிலும் மரத்துக்குள் இருக்கும் நீரே தீர்மானிக்கிறது.

பச்சை மரத்தின் உயிரணுக் குழிகளில் தேங்கியிருப்பது கட்டற்ற நீர். உயிரணுச் சுவர்களில் ஊறியிருப்பது பிணைந்த நீர். முதலாவது வெளியேறும்வரை எடை குறையுமே தவிர அளவு பெரிதாக மாறாது. ஈரம் உலர் எடையில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, பிணைந்த நீரும் வெளியேறத் தொடங்கியதும் மரம் சுருங்குகிறது. வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் இச்சுருக்கம், நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதால் பலகை வளைகிறது, வெடிக்கிறது.

இறுதியில் மரம் சுற்றுக்காற்றுக்கு இணங்கிய ஈரத்தில் நிலைகொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமானால் மரத்தின் ஈரம் 12 சதவீதத்தை ஒட்டி நிற்கும். மரத்தின் ஈர வரம்பைக் கூறும் ஐ.எஸ். 287 என்னும் இந்தியத் தரநிர்ணயம் நாட்டைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துக்கொள்வது இதனால்தான். கடலிலிருந்து விலகி, ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த, இம்மாவட்டத்து ஓசூரின் கோடைக்காற்று வறண்டது என்பதால், கடலோரத்தில் உலர்ந்த பலகை இங்கு வந்தபின் மேலும் சுருங்கக்கூடும். இவ்வூர் நிழலில் நன்கு உலர்ந்த பலகைக்கு அந்த இடர் குறைவு.

மாமரம் விரைவில் பூசணத்தால் கறைபடும், உளுத்தும் போகும். ஆகவே வெட்டியவுடன் அறுத்து, போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் நனைத்து, முனைகளில் மெழுகோ பெயிண்டோ பூசி, தரையிலிருந்து உயர்த்தி, பலகைகளுக்கிடையே ஒரே நேர்க்கோட்டில் ரீப்பர் சட்டங்கள் வைத்து, மேலே பாரம் ஏற்றி நிழலில் அடுக்க வேண்டும். மாதந்தோறும் ஒரு பலகையை நிறுத்து, எடை குறைவது நின்றபின் இழைப்பதே முறை. மாமரத்துக்குப் பதிலாகப் பழைய பெட்டிப் பலகையை நாடுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வரும் பைன் பெட்டிகளில் காணப்படும் ‘எச்.டி.’ முத்திரை, மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதைக் குறிக்கிறது. அது பூச்சிகளைக் கொல்வதற்கான முறையே அன்றி உலர்ந்ததற்கான சான்று அன்று.

ஒரே ஒரு முக்காலிக்காக இவ்வளவு பாடுபடுவது வீண். உலர்த்திய பலகையை வாங்குவதே அறிவுடைமை. ஆனால் மரம் அருகிலேயே கிடைத்து, நிழலான கொட்டகையும் மாதக்கணக்கில் காத்திருக்கும் பொறுமையும் உள்ளவருக்கு, விறகாகப் போகவிருந்த மரத்தைத் தலைமுறை தாண்டி உழைக்கும் பொருளாக மாற்றும் இவ்வேலை முற்றிலும் தகும்.