சப்பர வண்டிக்கு இரு சகோதரர்கள்



ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதக் கடைசியில், பெரம்பலூர், அரியலூர் பகுதிகளிலிருந்து காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் குழுக்களைச் சாலைகளில் பார்க்கிறோம். ஆகஸ்டு 29 அன்று கொடியேற்றம். செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறப்புப் பெருவிழா. கொள்ளிடப் பாலத்தைக் கடந்து, தஞ்சை, திருவாரூர், நாகை வழியாகச் செல்ல நான்கைந்து நாட்கள் ஆகும். குழுவோடு ஒரு வண்டியும் செல்லும். அன்னையின் சுரூபம் வைத்த சப்பரம், அரிசி மூட்டை, பாத்திரங்கள், பாய்கள், மைக்செட், இவற்றோடு ஒரு ஜெனரேட்டரும் அதில் இருக்கும்.

மேலை நாடுகளில், வீடு போலவே அமைக்கப்பட்ட வண்டியில் மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சென்று வாழ்பவர்கள் உண்டு. சினிமாப் படப்பிடிப்புகளில் நாம் பார்க்கும் கேரவன் போன்ற வண்டிகள்தாம் அவை. மின்கம்பம் இல்லாத இடத்தில் நிறுத்தினாலும் விளக்கு எரிய வேண்டும் என்பதற்காக, அவர்களில் பலர் கூரையில் சூரிய ஒளித் தகடுகளைப் பொருத்துகிறார்கள். சிலர் அதோடு ஒரு சிறு காற்றாலையையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நம்முடைய சப்பர வண்டியும் அந்த நான்கைந்து நாட்களுக்கு ஒரு கேரவன்தான். அப்படியானால், வெயிலையும் காற்றையும் சேர்த்து நம் வண்டிக்கு மின்சாரம் எடுக்க முடியுமா?

ஏன் இந்தக் கேள்வி?

இது செலவைப் பற்றிய கேள்வி மட்டும் அன்று. வெயிலுக்குப் பயந்து நம்மவர்கள் பெரும்பாலும் அதிகாலையிலும் இரவிலும் நடக்கிறார்கள். லாரிகளும் பேருந்துகளும் விரையும் சாலையில், குழுவின் கடைசியில் வருபவரைக் காப்பது வண்டியின் பின்புறம் எரியும் சிவப்பு விளக்குதான். பெட்ரோல் தீர்ந்து ஜெனரேட்டர் நின்றால் அந்த விளக்கும் அணைந்துவிடும். சப்பரத்தின் அலங்கார விளக்கு அணைந்தால் அழகுதான் குறையும். பின்விளக்கு அணைந்தால் உயிருக்கே ஆபத்து.

ஜெனரேட்டரில் வேறு தொல்லைகளும் உண்டு. அதன் இரைச்சலில் செபமாலை சொல்பவரின் குரல் அருகில் இருப்பவருக்கே கேட்பதில்லை. அதைவிட முக்கியமானது, அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. மழை என்று தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு வண்டிக்குள் உறங்குபவர்கள் அருகில் ஜெனரேட்டரை ஓடவிட்டால், அவர்கள் உறக்கத்திலேயே உயிரிழக்க நேரிடும்.

ஒருவர் ஓயும்போது மற்றவர்

அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தம் புகழ்ப் பாடலில் கதிரவனையும் காற்றையும் சகோதரர்கள் என்று அழைத்தார். மின்சாரம் எடுப்பதிலும் இவ்விருவரும் ஒருவர்க்கொருவர் துணை நிற்கும் சகோதரர்களே. கதிரவன் பகலில் மட்டும் உழைப்பவர். காற்றுக்கு இரவு பகல் இல்லை. ஆனால் பருவம் உண்டு. தமிழகத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் அது நம் பக்கம் பாய்கிறது. முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் நிற்பதற்குக் காரணம் இதுவே. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் முன்னோர் சொன்னதும் இந்தப் பருவத்தைப் பார்த்துத்தான். அந்த மாதங்களில் மேகம் வெயிலை மறைத்தால், காற்று ஈடு செய்யும். பிப்ரவரி, மார்ச்சில் காற்று ஓய்ந்திருக்கும்போது, வெயில் ஈடு செய்யும்.

இந்தக் கூட்டு உழைப்பை நம்பும் ஊர்கள் நமக்கு அருகிலேயே உள்ளன. பாக்கு நீரிணையில், யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் பெருநிலத்தின் மின்கம்பிகள் எட்டவில்லை. டீசல் ஜெனரேட்டர்களே அங்கு விளக்கேற்றி வந்தன. அந்த டீசலையும் படகில்தான் கொண்டு செல்ல வேண்டும். இம்மூன்று தீவுகளிலும் சூரிய ஒளி, காற்று, பேட்டரி, அவசரத்துக்கு டீசல் என்று நான்கையும் இணைத்து மின்சாரம் வழங்கும் திட்டத்திற்கு, இந்திய அரசின் நிதியுதவியோடு 2024 மார்ச் 1 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். கடற்காற்று தடையின்றி வீசும் தீவுகளுக்குக்கூட, காற்று ஒன்றே போதும் என்று யாரும் திட்டமிடவில்லை.

வண்டியில் காற்றாலை பயன்படுமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால், அதிலிருந்து கிடைக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். இது நல்ல செய்தி போலத் தோன்றும். ஆனால் வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதும் இதே கணக்குதான்.

1.2 மீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு காற்றாலையை எடுத்துக்கொள்வோம். காற்று விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசினால் ஏறக்குறைய 80 வாட் தரும். வேகம் 4 மீட்டராகக் குறைந்தால் 10 வாட்தான் தரும். விளம்பரத்தில் 400 வாட் என்று போட்டிருப்பார்கள். அது விநாடிக்கு 12 மீட்டருக்கும் மேற்பட்ட பலத்த காற்றுக்கான கணக்கு. நாம் இரவில் தங்குவதோ பள்ளி வளாகத்திலும் கோயில் மண்டபத்திலும். சுற்றிலும் மரமும் சுவரும் இருக்கும் இடத்தில், தரையை ஒட்டி அவ்வளவு காற்று வருவதில்லை.

வண்டி ஓடும்போது காற்றாலை சுழலுமே, அதிலிருந்து இலவசமாக மின்சாரம் எடுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது இலவசம் அன்று. காற்றாலையைச் சுழற்றும் அந்த எதிர்காற்றைத் தள்ளுவது வண்டியின் எஞ்சின். கூடுதலாகச் செலவாகும் டீசல், கிடைக்கும் மின்சாரத்தைவிட மதிப்பு மிக்கது. வலது சட்டைப் பையிலிருந்து இடது பைக்குக் காசை மாற்றி, மாற்றும்போது கொஞ்சம் சிந்தியும்விடுவதைப் போன்றது அது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றாலைக்கு உயரமான கம்பம் வேண்டும். நம் சாலைகளின் குறுக்கே மின்கம்பிகள் செல்கின்றன. 2022 ஏப்ரல் 27 அன்று அதிகாலையில், தஞ்சை களிமேட்டில் திருவிழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் உயிரிழந்ததை நாம் மறக்க முடியாது. சப்பர வண்டியின் உயரத்தைக் கூட்டும் எதுவும் வேண்டாம்.

எனவே, சாலையில் செல்லும் வண்டிக்குக் கதிரவனே ஏற்ற சகோதரன். காற்றின் இடம் அசையாத நிலம். கடற்கரையிலோ மலையடிவாரத் திடலிலோ ஒரு கெபியோ தியான இல்லமோ இருந்தால், அங்கே காற்றாலையைப் பற்றி யோசிக்கலாம். சுற்றிலும் 150 மீட்டருக்குள் உள்ள மரம், கட்டடம் எதையும்விட 9 மீட்டராவது உயரத்தில் அது சுழல வேண்டும். வாங்குவதற்கு முன் காற்றின் வேகத்தை அதே இடத்தில், அதே உயரத்தில் ஓராண்டு அளந்து பார்ப்பது நல்லது. பேட்டரி நிறைந்த பிறகும் காற்றாலை சுழன்றுகொண்டே இருக்கும். அந்த மிகை மின்சாரத்தை வெப்பமாக மாற்றித் தீர்க்கும் அமைப்பும் வேண்டும். சூரியத் தகட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. இணைப்பைத் துண்டித்தால் அது சும்மா இருக்கும்.

தேவையை அளப்போம்

முதலில் தகட்டை வாங்காதீர்கள். முதலில் ஒரு தாளில் தேவையை எழுதுங்கள். ஒரு நாள் கணக்கு இப்படி இருக்கலாம்:

1. பின்புறச் சிவப்பு விளக்குகள்: 10 வாட், 10 மணி நேரம் - 100 வாட்-மணி
2. சமைக்கும், தங்கும் இடத்துக்கு எல்.இ.டி. குழல் விளக்கு: 20 வாட், 4 மணி நேரம் - 80
3. பத்துக் கைப்பேசிகளுக்கு மின்னேற்றம் - 150
4. சப்பரத்தின் எல்.இ.டி. சர விளக்குகள்: 30 வாட், 5 மணி நேரம் - 150
5. மைக்செட்: சராசரி 60 வாட், 3 மணி நேரம் - 180

மொத்தம் 660. வயரிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்காக மூன்றில் ஒரு பங்கைக் கூட்டினால் 880 வாட்-மணி. கூரையில் 200 வாட் தகடுகள் இரண்டு இருந்தால், ஓரளவு நல்ல வெயிலில் சூடு, தூசி இவற்றின் இழப்பு போக நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,200 வாட்-மணி கிடைக்கும். மேகம் மூடிய நாளில் அதில் பாதி கிடைக்கலாம். அன்று என்ன செய்வது? பட்டியலின் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். மைக்செட் இல்லாமலும் பாடலாம். சர விளக்குக்குப் பதில் ஒரு மெழுகுதிரி போதும். முதல் வரியில் உள்ள பின்விளக்கை மட்டும் எந்நாளும் தொடாதீர்கள்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி ஈய அமிலப் பேட்டரி 1,800 வாட்-மணி கொள்ளும். ஆனால் அதில் பாதிக்கு மேல் தினமும் எடுத்தால் விரைவில் கெட்டுவிடும். ஆகவே, கைக்கு வருவது 900 என்று கொள்ளுங்கள். நம் கணக்குக்கு அது சரியாகப் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி என்றால் 100 ஆம்பியர்-மணியே போதும். எடையும் குறைவு, விலை கூடுதல். தகட்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜ் கன்ட்ரோலரும், பேட்டரியை ஒட்டி ஃபியூஸும் கட்டாயம் வேண்டும். ஈய அமிலப் பேட்டரி மின்னேறும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதனால் அதைக் காற்றோட்டமான பெட்டியில், அடுப்புக்கும் மெழுகுதிரிக்கும் தொலைவில் வையுங்கள்.

தகட்டுக்கும் கூரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி விடுங்கள். தகடு சூடேறச் சூடேற மின்சாரம் குறையும். அரியலூர்ச் சாலைகளில் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி ஒரே நாளில் தகட்டில் படியும். காலையில் தகடு சூடாகும் முன், ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும்.

திருவிழாவுக்குப் பின்

நான்கைந்து நாட்களுக்காக இவ்வளவா என்று கேட்கலாம். திருப்பயணம் முடிந்ததும் இந்தத் தகடும் பேட்டரியும் பங்கில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகை, வேதாரண்யம் பகுதியைத் தாக்கியபோது, டெல்டாவின் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. வடகிழக்குப் பருவமழை நாட்களில் வெயிலும் குறைவு, நிலையான காற்றும் குறைவு. இரு சகோதரர்களும் ஓய்ந்திருக்கும் அந்த நாட்களில் சேமித்து வைத்ததே கைகொடுக்கும். ஒரு கைப்பேசிக்கு மின்னேற்றம், ஒரு பிரசவத்துக்கு விளக்கு என்று அன்று அதன் அருமை தெரியும்.

திருமண வீட்டுக்கு விளக்கோடு சென்ற பத்துக் கன்னியரின் உவமையை நாம் அறிவோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. ஐவரிடம் மட்டுமே மாற்று எண்ணெய் இருந்தது. இந்த ஆண்டு சப்பரத்தை அலங்கரிக்கக் கூடும்போது, நம் அன்பியங்களும் பங்குப் பேரவையும் பின்விளக்கிலிருந்து பேச்சைத் தொடங்கினால் என்ன? நம் வரிசையின் கடைசியில், கால் வலியோடு மெல்ல நடந்து வரும் பாட்டிக்கு இரவு முழுவதும் ஒரு விளக்கு துணை வர வேண்டாமா? சிந்திப்போம்.