ஊவாத் தேயிலையும் யப்பானியர் தேநீர் நெறியும்

பிற நாட்டிலே வாழும் நண்பர் ஒருவரைக் காணச் செல்லுதல் வெறும் பொழுதுபோக்கன்று. அஃது ஒரு கல்வியுமாகும். இதனைச் சுவாமி விவேகானந்தர் நன்குணர்ந்திருந்தார். 1893ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்துச் சருவமத மகாசபைக்கு அவர் சென்ற கப்பல், பம்பாயினின்றும் புறப்பட்டுக் கொழும்புத் துறையிலே ஏறத்தாழ ஒரு பகல் தங்கிக் கீழ்த்திசை நோக்கிச் சென்றது. சுவாமிகள் கோபே நகரிற் கப்பலை விட்டிறங்கித் தரைவழியே ஒசாக்கா, கியோத்தோ, தோக்கியோ ஆகிய பெருநகரங்களைக் கண்டு, யூலை 10ஆந் திகதி யொக்ககாமாவிலிருந்து தம் சென்னை அன்பர்க்கு ஒரு மடல் வரைந்தார். யப்பானியரின் தூய்மையையும் அழகுணர்ச்சியையும் அம்மடலிலே பாராட்டினார். அங்குள்ள கோயில்களிற் பழைய வங்க எழுத்துக்களில் வடமொழி மந்திரங்கள் எழுதப்பட்டிருத்தலைக் கண்டு வியந்தார். நம் இளைஞர் பலர் ஆண்டுதோறும் அந்நாட்டைச் சென்று காணவேண்டும் என்றும் விரும்பினார்.

அவர் விரும்பியவாறு இன்று நம்மவர் பலர் படிப்பின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் யப்பானிலே வாழ்கின்றனர். அவரைக் காண விடுமுறையிற் செல்வோரும் பலராவர். அவ்வாறு செல்வோர் எதனைக் கொண்டு செல்லுதல் வேண்டும்? எதனைக் கற்று வருதல் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் பதுளையிற் பிறந்தோர் விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. அவர்தம் வீட்டுக்கு மேலுள்ள மலைச்சரிவிலேயே அவ்விடை தளிர்த்து நிற்கின்றது. அது தேயிலையாம்.

யப்பானியர் உலகத்துத் தேயிலைகளுள் மூன்றினைத் தலைசிறந்தனவாக எண்ணுவர். அவை இந்தியாவின் டார்ஜிலிங், சீனத்தின் கீமுன், இலங்கையின் ஊவா என்பன. இம்மூன்றையும் ஒருங்கே வைத்து எண்ணும் வழக்கு யப்பானிலே பெரிதும் பரவியுளது. தேநீர்ப் பிரியர் ஒருவரிடம், “யான் ஊவா மாகாணத்திலிருந்து வருகின்றேன்” என்று கூறின், அவர் முகத்திலே மலர்ச்சி தோன்றுதல் கூடும். அவர் அதனை ‘உபா’ என்பதுபோல ஒலிப்பராதலின், நம் ஊர்ப்பெயர்தான் அது என்று உணரச் சற்றே காது பழகுதல் வேண்டும். ஆங்கிலர் இலையின் நிறம் நோக்கிக் ‘கறுப்புத் தேயிலை’ என்பதனை, யப்பானியர் வடித்த நீரின் நிறம் நோக்கிச் ‘செந்தேயிலை’ எனப் பொருள்படும் ‘கோச்சா’ என்னுஞ் சொல்லால் வழங்குவர். 1971ஆம் ஆண்டிற் செந்தேயிலை இறக்குமதிக் கட்டுப்பாடு அங்கு நீக்கப்பட்டபின், அயல்நாட்டுத் தேயிலைகள் அந்நாட்டு இல்லங்களிற் பரவ வழி திறந்தது.

ஊவாவுக்கு இச்சிறப்பு வாய்த்தமை யாதானும் என்னின், அதன் விடை காற்றிலே உளது. தென்மேல் பருவக்காற்று ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கையை அடைந்து, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகளிலே தன் மழையைப் பொழிந்துவிடுகின்றது. மலைமுகட்டைக் கடந்து கிழக்கே ஊவாப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்பொழுது அது ஈரம் இழந்து வெம்மையுற்று வறண்ட காற்றாகின்றது. இதனையே கச்சான் காற்று என்பர். கச்சான் என்றவுடன் வறுத்த நிலக்கடலையை நினைப்போர் நம்முட் பலர்; எனினும் மேற்குக் காற்றுக்கும் அது பழந்தமிழ்ப் பெயரே. உலகத் தேயிலை வணிகரும் இத்தமிழ்ப் பெயரைத் தம் ஏடுகளில் எடுத்தாள்கின்றனர் என்பது நாம் அறிந்து மகிழத்தக்கது. யூலை தொடங்கிச் செத்தெம்பர் வரையும் இக்காற்று வீச, தேயிலைச் செடி நீர் குறைந்து வாடித் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியிலே மணப்பொருள்கள் பலவற்றை ஆக்குகின்றது. அவற்றுள் மெதைல் சலிசிலேற்று என்பது தலையாயது. அதனாலேயே அப்பருவத்து ஊவாத் தேநீரிற் குளிர்ந்த மருந்திலையை ஒத்த ஒரு தனிமணம் எழுகின்றது. செடிக்கு நேர்ந்த துன்பமே குடிப்போர்க்கு இன்பமாயிற்று.

யப்பானியரின் பச்சைத் தேயிலையும் நம் தேயிலையும் வேறு வேறு செடிகளின் இலைகள் எனச் சிலர் எண்ணுவர். அஃதன்று, இரண்டும் ஓரினமே. செய்முறையே வேறு. நம் தோட்டங்களிலே பறித்த கொழுந்தைத் தொழிற்சாலையின் மேன்மாடியிற் பரப்பிப் பல மணிநேரம் வாட்டுவர். பின்னர் அரைத்துச் சுருட்டுவர். அப்போது இலையின் சாறு வெளிப்பட்டு, நொதியங்களின் தொழிற்பாட்டால் ஒட்சியேற்றம் நிகழ்ந்து, இலை செம்பு நிறம் எய்தும். உரிய வேளையிற் சூடேற்றி உலர்த்தி அதனை நிறுத்துவர். ஒரு கிலோ தேயிலை பெற நாலரை முதல் ஐந்து கிலோ வரையிலான பச்சைக் கொழுந்து வேண்டும். யப்பானியரோ பறித்த இலையை வாடவிடாது உடனே நீராவியில் அவிப்பர். அவ்வெப்பத்தால் நொதியங்கள் அழிதலின், இலை தன் பசுமை மாறாது நிற்கும். ‘மச்சா’ எனப்படும் தூள் தேயிலைக்காயின், பறித்தற்கு மூன்று வாரம் முன்னரே செடிகளை நிழற்பந்தலால் மூடுவர். வெயில் குறைய, இன்சுவை தரும் தியனைன் என்னும் அமினோவமிலம் இலையிற் குன்றாது நிற்கும். அவ்விலையை உலர்த்தி நரம்பு நீக்கிக் கல் திரிகையில் இட்டு நுண்பொடியாக அரைப்பர். ஊவாவிலே ஏறக்குறைய வாரந்தோறும் ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கப்பட, யப்பானிலே ஆண்டிற் சில முறையே பறிக்கப்படுகின்றது. வசந்தத்தின் முதற் கொழுந்தையே அவர் பெரிதும் போற்றுவர்.

தேயிலை அந்நாட்டுக்கும் வந்த பொருளே. எய்சாய் என்னும் பௌத்த துறவி 1191ஆம் ஆண்டிற் சீனத்தினின்றும் மீண்டபோது தேயிலை வித்துக்களையும், தூளை நீரிற் கலந்து அருந்தும் முறையையும் கொண்டுவந்தார் என்பர். தியானத்தில் அமர்வோர்க்கு உறக்கம் நீக்கும் மருந்தாகத் தொடங்கிய அப்பானம், காலப்போக்கிற் பிரபுக்களின் ஆடம்பரமாயிற்று. அவ்வாடம்பரத்தை நீக்கி எளிமையை அணியாக்கியவர் சென் நோ ரிக்கியு (1522–1591) என்னும் பெரியார். தங்கக் கலங்கள் விளங்கிய இடத்திலே கரடுமுரடான மண்கிண்ணத்தை வைத்தார். பெருமண்டபம் இருந்த இடத்திலே இரண்டு பாய் அளவினதாகிய குடிலையும் போதுமென்றார். அக்குடிலின் வாயில் ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர் உயரமே உடையது. படைத்தலைவனாயினும் தன் வாளை வெளியே வைத்துவிட்டுத் தலைகுனிந்து தவழ்ந்தே உட்புகுதல் வேண்டும். தம் காலத்துப் பேரதிகாரியான இதெயோசியின் ஆணையால் ரிக்கியு தம்முயிரைத் தாமே போக்கிக்கொள்ள நேர்ந்தது. எனினும் அவர் வகுத்த நெறி அவர்தம் மரபினரால் இன்றுவரை பேணப்படுகின்றது. அந்நெறியின் உட்பொருளை 1906ஆம் ஆண்டில் ஆங்கில நூலொன்றால் மேனாட்டார்க்கு விளக்கிய ஒக்காக்குரா என்பார், முன்னர் 1901–02இல் இந்தியாவுக்கு வந்து விவேகானந்தரோடு நட்புப் பூண்டு, அவருடன் புத்தகயைக்குச் சென்றவர் என்பது ஈண்டு நினைவுகூரற்பாலது.

இனி, யப்பானிய நண்பர் இல்லத்துக்குச் செல்வோர் அறியவேண்டுவன சிலவற்றைக் காண்பாம். வாயிலிலே பாதணிகளைக் கழற்றி, அவற்றின் முனை வெளிநோக்கி இருக்குமாறு வைத்தல் வேண்டும். வெறுங்கையுடன் செல்லலாகாது, சிறிதாயினும் ஒரு கையுறையை இரு கைகளாலும் நீட்டுதல் முறை. உள்ளே புகும்போது, “தொல்லை தர வந்துள்ளேன்” எனப் பொருள்படும் சொல்லை விருந்தினர் கூறுவர். தேநீர்ச் சடங்குக்கு அழைக்கப்பெறின், தோட்டத்து நடைபாதை வழியே சென்று, கற்றொட்டி நீரிலே கையும் வாயும் தூய்மை செய்து உட்புகுவர். சுவரிலே தொங்கும் எழுத்தோவியத்தையும், அதன் பக்கத்தே வைத்த ஒற்றை மலரையும் முதலில் வணங்கி நோக்குவர். இனிப்பை உண்டபின்னரே தேநீர் வரும். கிண்ணத்தின் அழகிய முகப்பிலே தம் வாய் படாதவாறு, அதனைக் கையிற் சிறிது சுழற்றியபின் அருந்துவர்.

இவை நமக்கு முற்றும் புதியனவல்ல. பாதணி கழற்றாது நாமும் வீட்டினுட் புகுவதில்லை. கையுறையின்றி உறவினரைக் காணச் செல்லுதல் நம்மிடையேயும் குறையே. வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். தோட்டத்து லயத்திலே, ஓரறையில் ஒரு குடும்பமே வாழும் நெருக்கத்திலும், வந்தவரை “ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள்” என்று சொல்லாது அனுப்பும் வழக்கம் இல்லை. ரிக்கியு வேண்டி அமைத்த சிறு குடிலின் எளிமையும் லயத்தறையின் வறுமையும் ஒன்றாகா. முன்னது விரும்பி ஏற்றது, பின்னது சுமத்தப்பட்டது. எனினும் விருந்தினர்க்கு நீட்டப்படும் அன்பு இரண்டிடத்தும் ஒன்றே.

யப்பானியர் நெறியிலே நாம் சிறப்பாகக் கற்கத்தக்கது ஒன்றுண்டு. தேநீர் அருந்தி முடிந்தபின், தலைமை விருந்தினர் வாளா எழுந்து போதல் இல்லை. கலங்களைக் கையில் எடுத்து வியந்து நோக்கி, வினாக்கள் தொடுப்பார். இக்கிண்ணம் எவ்வூரது? இம்மூங்கிற் கரண்டியைச் செதுக்கியவர் யார்? இத்தேயிலையின் பெயர் யாது? விருந்து படைத்தவர் ஒவ்வொன்றுக்கும் விடை கூறுவார். ஒரு பொருளைத் துய்த்தவன் அதனை ஆக்கிய கையை நினைத்தல் கடன் என்பது இவ்வினாக்களின் கருத்தாம்.

ஊவாத் தேயிலையை நாம் கையுறையாகக் கொண்டு சென்றவிடத்து, “இதனைப் பறித்தவர் யார்?” என்று ஒருவர் வினவுவாராயின் நாம் யாது விடை கூறுவோம்? அதற்கு விடையிறுக்க நாம் அறிந்திருக்கவேண்டிய வரலாறு உண்டு. 1867இல் லூல்கந்துரையிலே யேம்சு தெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இற் காணப்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை நாளடைவில் அழிக்க, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக் காலத்திலேயே கங்காணிமாரின் பின்னே தமிழகத்தினின்றும் கடல் கடந்து, மன்னார்க் காட்டுவழியே நடந்து மலையேறிய மக்களின் வழித்தோன்றல்களே அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் மடுல்சீமையிலும் கொழுந்து பறித்தனர். 1924இற் புகையிரதம் பதுளையை அடைந்தது; அவர் பறித்த இலை அதன் வழியே துறைமுகம் சென்றது. அந்நாட்டின் செல்வத்தை ஆக்கிய அவரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தாற் பல இலட்சம் பேர் இந்தியாவுக்கு அனுப்பப்படத் தீர்மானிக்கப்பட்டது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி கொசுலாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மக்களோடு மூடிற்று. ஊவாவின் மணத்தைப் புகழும்போது இம்மண்ணின் இத்துயரையும் மறைத்தல் அறமாகாது.

உயர்ந்த வகைத் தேயிலை கொழும்பு ஏலத்துக்குச் சென்று கடல் கடக்கின்றது. அதனைப் பறித்தவர் அருந்துவது பெரும்பாலும் தூளேயாம். தம் கைப்பட்ட இலை யப்பானிலே உலகின் முதன்மூன்றனுள் ஒன்றென மதிக்கப்படுவதை அவருட் பலர் கேட்டதுமில்லை. யப்பானியர் நெறியிலும் கிண்ணம் வனைந்தவர் பெயர் வினவப்படுவதுபோல, இலை பறித்த பெண்ணின் பெயர் வினவப்படுவதில்லை. ஆதலின் அவ்வினாவை நிறைவு செய்தல் நம் கடனாகின்றது. அவரிடமிருந்து நாம் கற்பது வினவும் பண்பு. நாம் அவர்க்குக் கொடுக்கத்தக்கது, வினவப்படாத பெயர்.

தன்னை அறிந்தவனே பிறரை அறிவான். யப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழையும் யப்பானிய மொழியையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவருடன் துணைநின்றனர். யப்பானியரின் சிறுபுத்தாண்டையும் நம் தைப்பொங்கலையும் ஒருங்கு வைத்து அவர் நோக்கினர். அவ்வாய்வின் முடிபை மொழிநூலார் பலர் ஏற்றிலர். ஆயினும் தம் வீட்டுப் பொங்கலை நன்கறிந்தோரே பிறர் வீட்டு விழாவினை நுணுகிக் காணவல்லார் என்பதற்கு அவர்தம் உழைப்பு சான்றாகும்.

எனவே யப்பானுக்குச் செல்லும் மாணவர், புறப்படுமுன் ஓகத்து மாதத்தில் ஒரு நாளேனும் ஊவாத் தோட்டமொன்றைச் சென்று காண்பாராக. கச்சான் வீசும் மலையிலே நின்று, கொழுந்து பறிப்போரிடம் அவர்தம் பெயரையும் ஊரையும் வேலையையும் பணிவோடு கேட்டறிவாராக. ஆசிரியர்கள் இதனைக் கல்லூரிச் சுற்றுலாவின் ஒரு பகுதியாக அமைப்பின் மிக நன்று. அதன்பின் நண்பர் வீட்டுப் பாயிலமர்ந்து தேயிலைப் பொதியை இரு கைகளாலும் நீட்டும்போது, அவர் கேட்கும் வினாக்கள் யாவற்றுக்கும் விடையுடையோராய் விளங்குவர்.