பச்சைக் கல்லும் செப்புக் களிம்பும்

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மழைக்காலத்தில் செப்புக் குடமொன்றைச் சில நாட்கள் துலக்காது விட்டால், அதன் விளிம்பிற் பச்சை படர்வதைக் கண்டிருப்பீர்கள். களிம்பு என்று சொல்லிப் புளியிட்டுத் துலக்கிவிடுகிறோம். அக்களிம்புக்கு நெருங்கிய உறவான ஒரு கல்லைக் கனியம் சேகரிப்போர் விரும்பி வாங்கிக் கண்ணாடிப் பேழையில் வைத்துக் காக்கின்றனர். அதன் பெயர் மலக்கைற்று.

நிலத்தின் ஆழத்திற் செம்பு பெரும்பாலும் கந்தகத்தோடு கூடிய தாதுவாகவே கிடக்கிறது. திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலப் பகுதியில் அத்தகைய செப்புத் தாது இரும்புத் தாதுவோடு கலந்திருப்பது 1971ஆம் ஆண்டிற் கண்டறியப்பெற்றது. இவ்வகைத் தாதுவினுள் மழைநீரும் காற்றும் புகும்போது செம்பு நீரிற் கரைகிறது. பின்னர் காபனீரொட்சைட்டுடன் சேர்ந்து பச்சைக் கல்லாகப் படிகிறது. முதலிற் பிறந்த தாதுவின் வழியே தோன்றுவதால் இதனை வழிக்கனியம் எனலாம். அடுக்கடுக்காகப் படிந்தமையாலேயே, அறுத்து மெருகிட்ட கல்லில் இளம்பச்சையும் கரும்பச்சையும் வளையங்களாகத் தோன்றுகின்றன. உருசியாவின் யூரல் மலைக் கற்கள் பீற்றர்ஸ்பேர்க் நகரக் குளிர்கால அரண்மனையின் தூண்களை அணிசெய்தன. இன்று கொங்கோ நாட்டுக் கற்கள் பெயர் பெற்றவை.

இக்கல்லின் எடையில் நூற்றுக்கு 57 பங்கு செம்பே. ஆயினும் கத்தி முனை இதனைக் கீறிவிடும். அமிலம் பட்டாற் கரையும். புளி களிம்பை நீக்குவதும் இக்காரணத்தாலேயே.

ஆனால், பச்சையெல்லாம் ஒன்றல்ல. பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907ஆம் ஆண்டு முதல் அகழ்ந்தெடுக்கப்பெற்ற வெண்கலத் திருமேனிகள் கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளன. அத்தகைய பழம் படிமங்களைக் காப்போர் இரு பச்சைகளைப் பிரித்தறிதல் வேண்டும். மண்ணுட் கிடந்த வெண்கலத்தின்மேல் இறுகிப் படியும் கரும்பச்சைப் படலத்தில் மலக்கைற்று உண்டு. அது உள்ளிருக்கும் உலோகத்துக்குக் கவசம். உப்பு ஊறிய வெண்கலத்தில் மாவுபோல் உதிரும் வெளிர்பச்சையோ, ஈரம் பட்டதும் உலோகத்தை அரிக்கும் நோய். கடற்காற்று வீசும் நகரில் இந்நோய்க்கு அஞ்சவே வேண்டும்.

ஆதலால், பழம் படிமம் ஒன்று கைக்கு வந்தால் புளியிட்டுத் துலக்க முற்படாதீர்கள். கவசமும் அதனோடு போய்விடும். அறிந்தவரிடம் காட்டுங்கள். அடுக்களைப் பாத்திரத்தின் செய்தி வேறு. அங்கே எந்தப் பச்சையும் உடலுக்குத் தீங்கே. அதனைத் துலக்கியே ஆகவேண்டும். வெள்ளீயம் பூசாத செப்புப் பாத்திரத்திற் புளிப்புணவை வைத்தலும் ஆகாது.